முப்பத்திரண்டு சதவீதம்

அந்த வருஷம் மழை முப்பத்தொன்பது நாள் விடவில்லை. எண்ணினேன். எண்ணுவதற்கு அப்போது எனக்கு வேறு எதுவும் இல்லை.

லாண்டரிக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தேன். மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இரண்டு அறை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருந்தேன். ஆடிட்டர் ஆபீசில் வேலை. காலையில் போய் மற்றவர்களின் லாப நஷ்டத்தைக் கூட்டிக் கழித்துவிட்டு மாலையில் திரும்புவேன். படியேறும் முன் கடையைக் கடந்தாக வேண்டும். கடந்தால் லாண்டரிக்கார அக்கா விடமாட்டார்.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்க்கா."

"பொய் சொல்லும்போதாவது மூஞ்சியக் கொஞ்சம் மாத்திக்கக் கூடாதா? உக்காருங்க. சோறும் முட்டையும் இருக்கு."

முன்னால் கடை, பின்னால் ஒரு சமையலறை, அதற்குள்ளேயே படுக்கை. பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றின் விரிப்புகள், இரண்டு லாட்ஜ்களின் விரிப்புகள், தலையணை உறைகள். அதுதான் பிழைப்பு. அக்காவின் கணவர், எனக்கு அண்ணன், பழைய மெஷினில் துவைப்பார், இஸ்திரி போடுவார். அக்கா அலசுவார், காயப்போடுவார், மடிப்பார், குறி தைப்பார். விரிப்பின் ஓரத்தில் சிவப்பு நூலில் இரண்டு தையல் என்றால் ஆஸ்பத்திரி. பெருக்கல் குறி என்றால் பெரிய லாட்ஜ். ஒற்றைத் தையல் சின்ன லாட்ஜ். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு விரிப்பும் இடம் மாறிப் போனதில்லை என்று அண்ணன் சொல்வார். அக்கா திருத்துவார். "ஒண்ணு போச்சு. உங்களக் கட்டிக்கிட்ட அன்னைக்கு. குறி தைக்க மறந்துட்டேன்."

மழையில் எதுவும் காயவில்லை. மாடியில் தகரக் கூரைக்கு அடியில் எட்டு வரிசைக் கம்பி. அதில் தொங்கிய விரிப்புகளை விலக்கிக்கொண்டுதான் நான் என் அறைக்குப் போக வேண்டும். ஈரத்துணி முகத்தில் ஒட்டும். மூன்றாம் நாள் ஒரு வாடை வரும். அந்த வாடை வந்தால் மறுபடி துவைக்க வேண்டும். சோப்பு இரண்டு மடங்கு, உழைப்பு இரண்டு மடங்கு, கூலி அதேதான். பெரிய லாட்ஜ் மேனேஜர் வந்து கடை வாசலில் குடையை மடக்காமலே பேசிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கும் இப்படி என்றால் வேறு ஆள் பார்ப்பாராம். நேரத்துக்குக் கொடுத்தால் அவருடைய இன்னொரு லாட்ஜையும் தருவாராம்.

அன்று மாலை அண்ணன் என்னை இஸ்திரி மேசைக்கு அழைத்தார். பழைய கம்பளி விரித்த மேசை. பல வருஷச் சூட்டில் நடுவில் பழுப்பேறியிருந்தது. ஒரு விளம்பரத் தாளை அதன்மேல் வைத்து நீவினார். துணி உலர்த்தும் மெஷின்.

"சார், நீங்க படிச்சவரு. இது வாங்கினா நமக்குக் கட்டுப்படியாகுமா, சொல்லுங்க."

"விலை என்ன?"

"மூணு லட்சம்."

"பணம்?"

"பேங்க்ல டெபாசிட் இருக்கு. ரெண்டு லட்சமாப் போட்டது. அஞ்சு வருஷம் முடிஞ்சா ரெண்டு லட்சத்து எம்பதாயிரம். இன்னும் மூணு மாசம் இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். மெஷின் கடைக்காரன் வருஷத்துக்கு முப்பது பர்சென்ட் வரும்ங்கிறான். என் டெபாசிட்டே நாப்பது தருதே? ரெண்டு லட்சத்துக்கு எம்பதாயிரம், நாப்பதுதான? நாப்பத விட்டுட்டு முப்பதுக்குப் போறவன் முட்டாள் இல்லையா?"

"அந்த நாப்பது அஞ்சு வருஷத்துக்குண்ணா. இந்த முப்பது ஒரு வருஷத்துக்கு."

"பர்சென்ட்னா பர்சென்ட்தான சார்?"

"இல்ல. எத்தன நாள்ல வந்துச்சுன்னு சேத்துச் சொல்லாத பர்சென்ட் பாதிப் பேச்சுதான். உங்க டெபாசிட் வருஷத்துக்கு ஏழு. அந்த ஏழுக்கும் அடுத்த வருஷம் வட்டி சேந்துக்கிட்டே போனதால நாப்பது ஆயிருக்கு."

அண்ணன் என்னை நம்பாமல் பார்த்தார். பின்னால் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னார்: "இது புரியலையா உங்களுக்கு? ஒருத்தன் அஞ்சு நாள் துவைச்சு நாப்பது உருப்படி. இன்னொருத்தன் ஒரே நாள்ல முப்பது உருப்படி. யாரு வேலைக்காரன்?"

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டாமத்தவன்."

"நீங்க முதல் ஆளு. சரி, மேல கேளுங்க."

நான் பென்சில் எடுத்தேன். புது லாட்ஜ் வந்தால் மாதம் பன்னிரண்டாயிரம் கூடுதல் வரும்படி. வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். கரண்ட் நாற்பத்தெட்டாயிரம். ரிப்பேர் ஆறாயிரம். மிச்சம் தொண்ணூறாயிரம். மூன்று லட்சத்துக்குத் தொண்ணூறாயிரம்.

"முப்பதுதான். கடைக்காரன் பொய் சொல்லல" என்றேன். "ஆனா ஒண்ணு. டெபாசிட்ல போட்ட பணம் கடைசில முழுசாத் திரும்பி வரும். மெஷின் தேயும். ஆறேழு வருஷத்துல இரும்பு விலைக்குத்தான் போகும்."

"தேயட்டும் சார். நாம தேயலையா?"

அக்கா அருகில் வந்து தாளை எட்டிப் பார்த்தார். "தம்பி, அந்தப் புது லாட்ஜ் துணியெல்லாம் யாரு மடிக்கிறது? யாரு குறி தைக்கிறது?"

"நீதான்" என்றார் அண்ணன்.

"என் கூலிய எங்க எழுதியிருக்கு?"

"வீட்டு ஆளுக்கு எதுக்குடி கூலி?"

"நான் சும்மா கேக்குறேன். எழுதிப் பாருங்க தம்பி. ஒரு ஆள வெச்சா என்ன குடுக்கணும்? மாசம் எட்டாயிரமாவது குடுக்கணும்."

எழுதினேன். வருஷத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம். தொண்ணூறாயிரத்திலிருந்து கழித்தால் ஆறாயிரம் நஷ்டம். இரண்டு சதவீதம், கீழே.

அண்ணன் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "என்ன சார் இது, இப்பத்தான் முப்பது லாபம்னீங்க?"

"அக்காவுக்குக் கூலி போடலைன்னா முப்பது லாபம். போட்டா ரெண்டு நஷ்டம்."

அக்கா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "அப்போ மெஷின்ல ஒண்ணும் இல்ல. அந்த முப்பத்திரண்டும் நான்தான்."

அன்றிலிருந்து அதுவே பெயர். "ஏ முப்பத்திரண்டு, சாருக்கு டீ போடு." "முப்பத்திரண்டு, நூல் எங்க?" அக்கா முறைப்பார். ஆனால் கூப்பிட்டதும் வருவார். டெபாசிட் முடிந்ததும் மெஷின் என்று முடிவாயிற்று. இப்போதே உடைத்தால் எல்லா வருஷத்துக்கும் ஏழுக்குப் பதில் ஆறு சதவீதம்தான் தருவார்கள் என்று நான்தான் சொன்னேன். எவ்வளவு குறையும் என்று கேட்டார்கள். அதையும் நானே போட்டுச் சொன்னேன். இன்று எடுத்தால் இரண்டு லட்சத்து அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம். மூன்று மாதம் பொறுத்தால் பதினாறாயிரத்து எழுநூறு கூடுதல்.

விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடிக்க வேண்டும். இழுத்து உதறி, பாதியாக்கி, மறுபடி இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அண்ணன் கீழே இஸ்திரியில் இருந்தால் மாடியில் அக்காவுக்கு நான் எதிர் ஆள். எனக்கும் அது பிடித்திருந்தது. கைக்கு வேலை, வாய்க்கு வேலையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கவனித்தேன். மடிப்பு கோணலாக வந்துகொண்டே இருந்தது. என் பக்கம் மேலே, அவர் பக்கம் கீழே. அவருடைய வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. நான் ஒன்றும் கேட்காமல் என் முனையைத் தாழ்த்திப் பிடித்தேன். மடிப்பு நேராக வந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார்.

"கையில என்னக்கா?"

"கையில இல்ல." விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இங்க. ஒரு கட்டி. அதுலேர்ந்து கைக்கு இழுக்குது."

"எத்தன நாளா?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்."

"அண்ணனுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா அந்த மனுஷன் அடுத்த நிமிஷம் பேங்க்ல போய் நிப்பாரு. டாக்டர்கிட்ட ஒருநாள் நானே போய்க் காட்டினேன், நம்ம துணி போற ஆஸ்பத்திரிதான். சதையக் கிள்ளி எடுத்துப் பாத்தாங்க. ஆபரேஷன்தான்னு சொன்னாங்க. ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகுமாம்."

"உடனே பண்ணணும்க்கா."

"பண்ணிக்கலாம். டெபாசிட் முடியட்டும். மூணு மாசம்தான. மெஷின் வரட்டும், புது லாட்ஜ் வரட்டும். அதுல வர்ற காசுல போய்ப் படுத்துக்கிறேன்."

"அது வரைக்கும் காத்திருக்கக் கூடாது."

"ஏன் கூடாது? நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க, நாள் சேத்துப் பாக்கணும்னு. பாத்தேன். மூணு மாசத்துல பதினாறாயிரத்து எழுநூறு. அதுவே வருஷத்துக்குன்னா நாலு மடங்கு. ரெண்டு லட்சத்து அறுபத்து மூவாயிரத்துக்குக் கணக்குப் போட்டா இருபத்தஞ்சு பர்சென்ட் வருது தம்பி. தலையணை உறை பின்னாடி எழுதிப் போட்டுப் பாத்தேன், அப்புறம் துவைச்சிட்டேன். இருபத்தஞ்சு பர்சென்ட் எந்த பேங்க் தருது? சும்மா இருந்தாலே வருது. இத உடைக்கச் சொல்றீங்களே."

கணக்கு சரியாக இருந்தது. ஒரு புள்ளி கூடப் பிசகவில்லை. இப்படிப் போடலாம் என்று நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நான் சொன்னதை வைத்து அவரே கண்டுபிடித்திருந்தார். என் ஆபீசில் ஐந்து வருஷம் இருப்பவர்களுக்கே வராதது.

"அவர்கிட்ட சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அப்போது என் மனைவியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையாட்டினேன்.

"பிடிங்க" என்று அடுத்த விரிப்பை நீட்டினார்.

ஒன்பது நாள் போயிற்று. ஆபீசுக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். அக்கா எனக்கு முட்டையை உரித்துக் கொடுத்தார், இடது கையால். பத்தாம் நாள் காலை மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தனியாக ஒரு விரிப்பைக் கம்பியிலிருந்து எடுத்து மடிக்கப் பார்த்தார். வலது கை எழவில்லை. விரிப்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் மறுமுனையை இழுத்து, தலையைப் பின்னால் சாய்த்தார். துணி தரையில் படாமல் இருக்க நுனிக்காலில் நின்றார்.

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கீழே போனேன்.

அண்ணன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கட்டி, ஏழெட்டு மாசம், ஆபரேஷன், காத்திருக்கிறார். நான்கு வாக்கியம். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். போட்டுக்கொண்டிருந்த விரிப்பை நான்காக மடித்து ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

"இப்ப எடுத்தா எவ்வளவு போகும்னீங்க?"

"பதினாறாயிரத்து எழுநூறு."

"அவ்வளவுதானா?" மறுபடி கேட்டார். "அவ்வளவுதானா சார்? அதுக்கா சொல்லாம இருந்தா?"

உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"ஒம்பது நாள்."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான்கள் ஒன்று விட்டு ஒன்று மாறிப் போயின. இருபத்திரண்டு வருஷம் ஊரார் துணிக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டவர்.

பேங்கில் கவுண்டரில் இருந்த பெண் நல்லவர். "ஐயா, இன்னும் எம்பது நாள்தான் இருக்கு. பொறுத்துக்கிட்டா முழு வட்டியும் கிடைக்குமே" என்றார்.

"அவளுக்குத்தாம்மா பொறுக்கத் தெரியும். எனக்குத் தெரியாது" என்றார் அண்ணன்.

படிவத்தில் முன்கூட்டியே முடிப்பதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் என்னிடம் நீட்டினார். எனக்கும் அந்தக் கட்டம் தெரியும். என் மனைவிக்கு வயிற்று வலி வந்து ஸ்கேனும் ஆபரேஷனும் என்று சொன்னபோது அதே மாதிரிப் படிவத்தை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். நிரப்பவில்லை. இருபத்தாறு நாளில் முடிகிற டெபாசிட். இந்த மாசம் போகட்டும் என்று நான்தான் அவளிடம் சொன்னேன். அவள் சரி என்றாள்.

கட்டத்தில் 'மனைவி' என்று எழுதினேன். அந்தப் பெண் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பேசினார். கட்டிலில் உட்கார்ந்து விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சிவப்புத் தையல்.

"நம்ம துணி" என்றார். "இங்க பாருங்க, மஞ்சக் கறை போகல. உங்க அண்ணன் அலசினது. இதுல என்னப் படுக்க வெச்சிருக்காங்க."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மறுபடி துவைக்கிறேன்டி" என்றார் அண்ணன்.

"கிழிச்சீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒம்பது நாள் தாங்கினீங்க தம்பி. நான் ரெண்டு நாள்தான் தாங்குவீங்கன்னு நெனச்சேன்."

அதன் பொருள் எனக்கு அன்று புரியவில்லை. பிறகு புரிந்தது: நான் அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார். புரியாமலே இருந்திருக்கலாம்.

எடுத்தார்கள். கையிடுக்குக்கும் பரவியிருந்தது. அதையும் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். பணம் போதவில்லை. துவைக்கிற மெஷினை விற்றார்கள். உலர்த்தும் மெஷின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெரிய லாட்ஜ் போயிற்று. மாதம் எட்டாயிரத்துக்கு ஒரு அம்மாவை மடிக்கவும் குறி தைக்கவும் வைத்தார்கள். நான் தாளில் எழுதிய அதே தொகை. அந்த அம்மா நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்கு மேல் அண்ணன் மடிப்பார். அக்கா கடையில் முக்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை.

"அது விரிப்பா, வேட்டியா? முனையோட முனை சேருங்க."

"சேத்துட்டேன்டி."

"ரெண்டும் பாத்துக்கிட்டு நிக்குது, சேரல."

சாயங்காலங்களில் அவரும் எழுந்து ஒரு முனையைப் பிடிப்பார். இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க முடியாது. அண்ணனும் தன் முனையை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக்கொள்வார். முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த மாதிரி நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார். அக்கா சிரிப்பார். முடி எல்லாம் கொட்டியிருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

ஒரு நாள் கேட்டார். "உங்க வீட்ல எப்படிப் போனாங்க தம்பி? யாரும் சொன்னதில்ல."

சொன்னேன். இருபத்தாறு நாள் என்றேன்.

"பொறுத்ததுல எவ்வளவு மிச்சமாச்சு?"

"நாலாயிரத்து நூறு."

"அந்த இருபத்தாறு நாள்தான் காரணமா?"

"தெரியாதுக்கா. டாக்டர்கிட்ட கேட்டேன். அப்படியெல்லாம் கணக்குப் பாக்க முடியாதுன்னாரு."

அக்கா தலையில் கட்டியிருந்த துணியைச் சரி செய்துகொண்டார். "அந்த நாலாயிரம் என்ன ஆச்சு?"

"பேங்க்லதான் இருக்கு. மறுபடி டெபாசிட்ல."

"ஏழு பர்சென்ட்டா?"

"ஏழு."

"எடுத்துச் செலவு பண்ணிடுங்க தம்பி" என்றார். "அத வளர விடாதீங்க."

அந்த வாரமே எடுத்தேன். ஒரு வருஷம் முடிந்திருந்தது. நாலாயிரத்து முந்நூற்று எண்பத்தேழு. என்ன வாங்கினேன் என்று நினைவில்லை.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் இருந்தார். கடைசி இரண்டு வாரம் முக்காலிக்கு வரவில்லை. படுத்தபடியே நூல் கேட்டு வாங்கி நாலைந்து உறைகளுக்குக் குறி தைத்தார். தையல் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போயிற்று. அண்ணன் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. லாட்ஜில் உறை குறைகிறது என்றார்கள். புதிதாக வாங்கிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு மதியம். கடையில் அண்ணன் மட்டும் இருந்தார். அந்த அம்மாவுக்கு அன்று விடுமுறை. மேசையில் விரிப்புகள் குவிந்திருந்தன. மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேங்க் சீட்டை எடுத்துக் கம்பளிமேல் வைத்து நீவினார். டெபாசிட்டை உடைத்தபோது கொடுத்தது. முக்காலி அங்கேயே இருந்தது. நான் அதில் உட்காரவில்லை.

"ஒரு கணக்கு" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

"பதினாறாயிரத்து எழுநூறு விட்டோம். எட்டு மாசம் கெடச்சுது. விடாம இருந்திருந்தா அந்த எட்டு மாசம் இருந்திருக்காது. டாக்டர் சொன்னாரு, ஆபரேஷன் பண்ணலைன்னா அந்த மழை முடியிற வரைக்கும் கூடத் தாங்கியிருக்க மாட்டான்னு."

"ஆமாண்ணா." அந்த டாக்டர் அப்படிச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சொன்னது இவ்வளவு தெளிவாக இல்லை. திருத்தவில்லை.

"அப்ப பதினாறாயிரத்து எழுநூறுக்கு எட்டு மாசம். தினமும் திட்டினா, சிரிச்சா, ரெண்டு தடவ சினிமாப் பாட்டு கூடப் பாடினா. அது எத்தன பர்சென்ட்? நாள் சேத்துச் சொல்லுங்க. பாதிப் பேச்சு வேண்டாம்."

"அதப் போட முடியாதுண்ணா."

"நீங்களே முடியாதுன்னா நான் யார்கிட்ட போவேன்?"

"அது பணம் இல்லண்ணா. பணம் போட்டுப் பணம் வந்தாத்தான்..."

"தெரியும். நான் முட்டாள் இல்ல." சீட்டின் ஓரத்தை மறுபடி நீவினார். "சும்மா ஒரு நம்பர் சொல்லுங்க. சரியா இருக்கணும்னு இல்ல. படுத்தா தூக்கம் வரல. நல்ல வேலை செஞ்சோம், லாபம்தான்னு நெனச்சுக்க ஒரு நம்பர் வேணும். சொல்லுங்க தம்பி."

அதுவரை அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

பென்சில் மேசையிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை.

"முப்பத்திரண்டு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று தோன்றியது. முகம் வேறு எங்கோ போயிற்று. சீட்டை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். பையை உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினார்.

"முப்பத்திரண்டு" என்று சொல்லிப் பார்த்தார், யாரையோ கூப்பிடுகிற குரலில். உள்ளே சமையலறையில் எதுவும் அசையவில்லை.

பிறகு குவியலிலிருந்து ஒரு விரிப்பை உருவி இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினார். "பிடிங்க."

பிடித்தேன். இழுத்து உதறினோம். பாதியாக்கினோம். நடு விரிப்பு தரையில் புரண்டது. இரண்டு பேருக்கும் கை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் இடுப்பு உயரத்தில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம்.